பைல் நாட்டுப் பூக்கல்

கொல்லிமலையில் ஊர் சிறிது, நாடே பெரிது. பல சிற்றூர்களைத் தன்னகத்தே கொண்ட நிலப்பரப்பை அம்மலைமக்கள் ‘நாடு’ என்று வழங்குகின்றனர். அத்தகைய பதினான்கு நாடுகளுள் பைல் நாடும் ஒன்று. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிய பின்னரே அம்மக்களின் வயல்கள் கண்ணுக்குத் தெரியும். சாமையும் தினையும் கேழ்வரகும் சரிவுகளில் விளைகின்றன. மிளகுக் கொடிகள் மரங்களைத் தழுவி ஏறுகின்றன. கடலுக்கும் அந்நாட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே எவரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், அங்குள்ள ஒரு பெரியவரின் வீட்டு மாடத்தில் அந்தக் கல்லைக் காணும்வரை.

வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். தேவதாயின் சிறிய சுரூபம் ஒன்று மாடத்தில் இருந்தது. அதன் பாதத்தருகே, கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்று உருண்டு திரண்ட ஒரு கல். அதன் உச்சியில் ஐந்து இதழ்களையுடைய ஒரு பூ. உளிகொண்டு செதுக்கியதோ என்று வியக்கும் அளவுக்கு ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் நுண்புள்ளிகள் வரிசை தவறாமல் அமைந்திருந்தன. முன்னே ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மாதா பூ, சாமி” என்றார் பெரியவர். அவருடைய மகன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். சுரங்க விளிம்பில் கிடந்ததை எடுத்துவந்து தந்தையிடம் தந்திருக்கிறான். ஓராண்டுக்குள் அக்கல்லின் புகழ் அயலூர்களிலும் பரவிவிட்டது. காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் கொணர்ந்து, கல்லின்மீது வார்த்த எண்ணெயை நெற்றியில் பூசிச் செல்கின்றனர் என்று உடன்வந்த உபதேசியார் நம் காதோடு கூறினார். இதற்கிடையில் காய்ச்சல் முற்றிய குழந்தை ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் மூன்று நாள் தாமதித்தனர் என்பதையும் அவரே கூறினார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆயினும் நம் நெஞ்சு துணுக்குற்றது.

வாசகர்களே, எளிய மனிதர் ஒருவரின் பக்தியில் கைவைப்பது ஒரு குருவுக்கு எத்தகைய சங்கடம் என்பதை நீங்கள் உணர்வீர்கள். உண்மையைச் சொன்னால் விளக்கு அணையக்கூடும். சொல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்கும் எண்ணெயே மருந்தாகக்கூடும். நாம் அக்கல்லைக் கையில் எடுத்தோம். குருமட நாள்களில், விலங்கியல் பயின்றுவிட்டுக் குருத்துவத்திற்கு வந்த தோழர் ஒருவர் இத்தகைய கல்லொன்றை நமக்குக் காட்டி விளக்கியிருந்தது நினைவுக்கு வந்தது.

“பெரியவரே, இது பூவன்று. கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் ஓடு, கல்லாகிவிட்டது” என்றோம்.

அரியலூர் வட்டாரத்தைப் பண்டு கடல் மூடியிருந்தது என்பதை அவருக்கு விளக்க முயன்றோம். கல்லங்குறிச்சிப் பகுதியில் இன்று சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. அக்கடலில் வாழ்ந்த கடல் முள்ளெலிகளின் ஓடுகள் அப்பாறையில் மிகுதியாகக் கிடைக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் 1873-ஆம் ஆண்டிலேயே அவற்றை வகைப்படுத்தி நூலாக வெளியிட்டார். கொல்லிமலையின் பாறையோ முற்றிலும் வேறானது. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவாகி 250 கோடி ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது. அதில் பூவும் இல்லை, ஓடும் இல்லை. எனவேதான் மலைமக்களுக்கு அக்கல் அத்தனை விந்தையாகத் தோன்றியது.

பெரியவர் மறுத்துப் பேசவில்லை. நெடுநேரம் கல்லையே பார்த்திருந்துவிட்டு, “சாமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உயிர் என்றால் தின்ன வேண்டுமே? தின்ன வேண்டுமானால் நடக்க வேண்டுமே? இதற்குக் காலும் இல்லை, தலையும் இல்லை. பூ எப்படிச் சாமி நடக்கும்?” என்றார்.

தத்துவமும் இறையியலுமாகப் பத்தாண்டுகள் பயின்ற நமக்கு, அக்கேள்விக்கு ஒரு மலைவிவசாயிக்குப் புரியும்படி விடைகூறத் தெரியவில்லை. “காட்டுகிறோம், வாருங்கள்” என்று மட்டும் சொன்னோம்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய வாரம், அறுவடை ஓய்ந்திருந்த வேளையில், ஒரு வாடகை வேனில் புறப்பட்டோம். பெரியவர், உபதேசியார், மறைக்கல்வி மாணவர்கள் எண்மர், நாம். பெரியவர் தம் கல்லை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். எழுபது வளைவுகளிலும் மாணவர்களில் பாதிப்பேர் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று வழி நீண்டு, மாலையில் மண்டபத்தை அடைந்து பாம்பன் பாலத்தில் ஏறினோம். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் அது. அருகே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலமும், 1914-ஆம் ஆண்டின் பழைய பாலமும் தெரிந்தன. மாணவர்கள் பாலங்களைப் பார்த்தனர். பெரியவர் தண்ணீரைப் பார்த்தார். எழுபது வயதில் முதன்முறையாகக் கடலைக் காண்பவர், “இத்தனை உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மேட்டு நிலத்துக்குக் கூடப் பாய்ச்ச முடியாதே” என்று வருந்தினார்.

பாம்பனில் நம்முடன் குருமடத்தில் பயின்ற குரு ஒருவர் தங்க இடம் அளித்தார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் ஊரே பரபரப்பாக இருந்தது. மறுநாட் காலையில் நமக்கு வழிகாட்ட வந்தவர் ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு குளியாளி. அதாவது, கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர். இளமையில் அவர் குளித்தது சங்குக்காக மட்டும் அன்று. அதைப் பின்னர்க் கூறுவோம்.

அலையடங்கிய காலை. நீர் வடிந்து, கடற்புல் படர்ந்த தரை முழங்கால் ஆழத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். “காலைத் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்து நடங்கள், திருக்கை கிடந்தால் விலகிப் போகும்” என்று குளியாளி முதற்பாடம் கற்பித்தார். சற்றுத் தொலைவு சென்றதும் குனிந்து, புல்லிடையே கிடந்த ஒன்றை இரு கைகளாலும் மெல்ல எடுத்தார். சாம்பல் நிற உடல், அதன் மீது செந்நிறக் குமிழ்முட்கள், ஒரு சாண் அகலம், ஐந்து கைகள். நட்சத்திர மீன் என்று நாம் அழைத்தாலும் அது மீனன்று. கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவற்றோடு சேர்ந்து ‘முட்தோலிகள்’ என்னும் இனத்தைச் சார்ந்தது. இன்று உயிர்வாழும் முட்தோலிகள் ஏறத்தாழ 7,000 வகை. அத்தனையும் கடலிலேயே வாழ்கின்றன. ஆற்றில் ஏறியதோ நிலத்தில் குடியேறியதோ அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் கடல்நீரை நிரப்பி, குளியாளி அதனுள் நட்சத்திரத்தை விட்டார். பெரியவரைக் குனிந்து அடியிலிருந்து பார்க்கச் சொன்னோம். முதலில் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒவ்வொரு கையின் அடியிலும் நடுவே ஓடும் பள்ளத்திலிருந்து, முளைவிட்ட கேழ்வரகு போல, நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் வெளிப்பட்டன. நுனியில் சிறு வட்டத் தட்டு. அவை நீண்டன, தடவின, ஒட்டிக்கொண்டன, சுருங்கின. உடல் முழுவதும் அசைவின்றியே தொட்டியின் சுவரில் நகரலாயிற்று.

“அம்மாடி! அத்தனையும் காலா சாமி?” என்றார் பெரியவர்.

அத்தனையும் கால்களே. குழாய்க்கால்கள் என்பது அவற்றின் பெயர். அவற்றை இயக்குவது நீர். நட்சத்திரத்தின் முதுகில், நடுவிலிருந்து சற்றே விலகி, ஒரு சிறு சல்லடைத் தட்டு உண்டு. அதன் வழியே கடல்நீர் உட்புகுந்து, வாயைச் சுற்றியுள்ள வளையக் குழாய்க்கும், அங்கிருந்து ஐந்து கைகளுக்கும் செல்கிறது. ஒவ்வொரு காலின் மேற்புறத்திலும் உடலுக்குள் ஒரு சிறு நீர்ப்பை இருக்கிறது. பை சுருங்கினால் நீர் காலுக்குள் பாய்ந்து கால் நீள்கிறது. காலின் தசை சுருங்கினால் நீர் பைக்குத் திரும்புகிறது. கடலைத் தன்னுள் வாங்கி, அந்தக் கடலைக் கொண்டே கடலில் நடக்கிறது அது.

அக்கால்களின் நுனித்தட்டுகள் காற்றை உறிஞ்சும் கிண்ணங்களைப் போன்று பற்றிக்கொள்கின்றன என்றே நம் காலத்துப் பாடநூல்கள் கற்பித்தன. அது பெரும்பாலும் பிழை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கால் நுனியில் ஒருவிதப் பசை சுரக்கிறது, ஒட்டிக்கொள்கிறது. விடுபட வேண்டிய நேரத்தில் அப்பசையை அறுக்கும் வேறொரு சுரப்பு வெளிப்படுகிறது. பசை மட்டும் தரையிலேயே தங்கிவிடுகிறது. கருப்புக் கண்ணாடி மீது நடக்கவிட்டுச் சாயம் தோய்த்துப் பார்த்தால் அடிச்சுவடுகளைக் காணலாமாம். மணலிலே புதைந்து வாழும் சிலவகை நட்சத்திரங்களுக்கு இத்தட்டே இல்லை. கூரிய கால்களால் மணலைக் குத்தி விலக்குகின்றன.

“தலை எங்கே?” என்றான் மாணவன் ஒருவன். தலையும் இல்லை, மூளையும் இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும், கைக்கொரு நரம்பும், கை நுனியில் ஒளியை உணரும் ஒரு சிறு புள்ளியுமே உண்டு என்றோம். ஆனால் 2023-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, பிற விலங்குகளில் தலையை உருவாக்கும் மரபணுக்களே நட்சத்திரத்தின் உடல் முழுவதும் செயற்படுகின்றன என்றும், உடற்பகுதிக்குரியவை பெரும்பாலும் காணப்படவில்லை என்றும் தெரிவித்தது. அதாவது, தலையில்லாதது என்று நாம் எண்ணியது ஏறக்குறைய முழுவதும் தலையே. “அப்படியானால் தலையாலேயே நடக்கிறது” என்றான் அச்சிறுவன். உபதேசியார் அவனை அடக்க முயன்றார். நாம் தடுத்துவிட்டோம், அவன் சொன்னது சரிதான்.

அது உண்ணும் விதம் இதனினும் வியப்பு. மட்டியையோ சிப்பியையோ கண்டால் சிலவகை நட்சத்திரங்கள் அதன்மேல் கவிந்து, இரு ஓடுகளிலும் குழாய்க்கால்களை ஒட்டி, எதிர்எதிரே இழுக்கத் தொடங்குகின்றன. சிப்பி வலிமையோடு மூடிக்கொள்கிறது. நட்சத்திரம் அவசரப்படுவதில்லை. கால்கள் முறைவைத்துப் பற்றுகின்றன. உடலின் இணைப்புத் திசுவோ வேண்டும்போது கல்போல் இறுகி, அதிக ஆற்றல் செலவின்றி அதே நிலையில் நின்றுவிடுகிறது. மணிக்கணக்கில் இழுபறி நடக்கும். கடைசியில் சிப்பி களைத்து ஒரு மயிரிழை திறந்தால் போதும். நட்சத்திரம் தன் இரைப்பையையே வாய்வழியாக வெளியே தள்ளி, அந்த இடுக்கினுள் நுழைத்துவிடுகிறது. சிப்பியின் சதை அதன் வீட்டுக்குள்ளேயே செரிக்கப்பட்டுக் கூழாகிறது. பின்னர் இரைப்பை உள்ளே திரும்புகிறது; வெறும் ஓடு கிடக்கிறது. நம் தொட்டியில் இருந்த செம்முள் நட்சத்திரத்தின் இனத்தவை கடற்பஞ்சு போன்ற நகராத உயிர்களின் மீதும் இரைப்பையை இவ்வாறே விரித்து உண்கின்றன.

இச்செய்தி முத்துக்குளித்துறை மக்களுக்குப் புதிதன்று. தூய பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து பணிபுரிந்த அக்கரையில், முத்துச் சிப்பிப் பார்களை நம்பியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. சில ஆண்டுகளில் பார்கள் நிறைந்திருக்கும். சில ஆண்டுகளில் வெறுமையாகக் கிடக்கும். 1902-இல் ஹெர்ட்மன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு விலங்கியலார் இலங்கைக்கு வந்து மன்னார்ப் பார்களை ஆராய்ந்து, ஐந்து தொகுதிகளாக அறிக்கை எழுதினார். சிப்பிகளின் பகைவர் வரிசையில் நட்சத்திர மீன்களும் இடம்பெற்றன. தூத்துக்குடியில் 1961-க்குப்பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதற்குக் காரணங்கள் பல. நட்சத்திரத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. மேலைநாடுகளில் சிப்பி வளர்ப்போர் சினந்து இவற்றைத் துண்டாக்கிக் கடலில் எறிந்தனர். நடுவுடலின் ஒரு பகுதியோடு கூடிய கை, புதிய நட்சத்திரமாக வளரவல்லது என்பதை அவர்கள் பின்னரே அறிந்துகொண்டனர்.

இவை தீயவை என்று கொண்டால், இவை இல்லாத கடல் நல்லதாக இருக்க வேண்டும் அல்லவா? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2013 முதல் ஒரு கொள்ளைநோய் பரவி நட்சத்திரங்கள் உருகி மடிந்தன. சூரியகாந்தி நட்சத்திரம் எனப்படும் பெருவகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. ஒருவகைப் பாக்டீரியாவே காரணம் என்று 2025-இல் கண்டறிந்தனர். அந்நட்சத்திரங்கள் உண்டுவந்த கடல் முள்ளெலிகள் கட்டுக்கடங்காமல் பெருகி, கடற்பாசிக் காடுகளை மேய்ந்து, பல இடங்களில் வெறும் பாறையாக்கிவிட்டன.

கடல் முள்ளெலியையும் கண்டோம். நீண்ட கருமுட்களோடு பாறையிடுக்கில் இருந்த அதைத் தொட வேண்டாமென்று குளியாளி எச்சரித்தார். முள் முறிந்து தோலுக்குள் தங்கினால் கடுமையாக வலிக்கும். முட்களை ஊன்றுகோலாகவும் குழாய்க்கால்களைக் கயிறாகவும் கொண்டு அது நடக்கிறது. அதன் வாய் அடியில் இருக்கிறது. ஐந்து பற்கள் கூடிப் பாசியைச் சுரண்டும் அப்பொறியைக் கொம்புத்தகடு வைத்த விளக்குக்கு ஒப்பிட்டவர் அரிஸ்டாட்டில். இன்றும் ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ என்பதே அதன் பெயர். குருமடத்தில் அந்த ஞானியின் தத்துவத்தை இரண்டாண்டுகள் படித்தோம். அவர் கடற்கரையில் குனிந்து முள்ளெலியின் வாய்க்குள் பார்த்தவர் என்பதை எந்தப் பேராசிரியரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேர்வில் இன்னும் சற்று நன்றாக எழுதியிருப்போமோ என்னவோ!

திரும்பும் வழியில் குளியாளி சட்டென நின்றார். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு, கால் பெருவிரலால் நீருக்குள் சுட்டிக்காட்டினார். மணலில் பாதி புதைந்து, ஒரு முழத்திற்குக் குறைவான நீளத்தில், வெளிறிய சாம்பல்நிறக் குழவிக்கல் போன்ற ஓர் உயிர்.

“வெள்ளை அட்டை, சாமி. நான் தொடமாட்டேன். தொட்டால் வழக்கு” என்றார்.

கடல் அட்டைகளையும் இக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். உண்மை அட்டைகளைப் போல் இவை குருதி உறிஞ்சுவன அல்ல, நட்சத்திரத்தின் உறவினரே. ஐந்து கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, நீட்டி, பக்கவாட்டில் படுக்கவைத்தால் அதுவே அட்டை. வெள்ளை அட்டை, ராஜ அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை என்று நம் மீனவர் இட்ட பெயர்கள் அறிஞர் நூல்களிலும் ஏறியுள்ளன. நூல் அட்டையைத் துன்புறுத்தினால் பின்புறத்திலிருந்து ஒட்டும் வெண்ணூல்களை வீசிப் பகைவனைச் சிக்கவைக்கும். பெயரிட்டவர் அதைக் கண்ணால் கண்டவரே. அட்டைகளைப் பிடித்து, வேகவைத்து, மணலில் புதைத்து, தோலைச் சுரண்டி, உலர்த்திச் சீனம் முதலிய நாடுகளுக்கு அனுப்புவது இங்குப் பழைய தொழில். நம் குளியாளியின் தந்தையும் பாட்டனும் அத்தொழிலில் இருந்தவர்கள். 2001 ஜூலை மாதத்தில் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய காவல் அட்டைக்கும் கிடைத்தது.

“அளவுக்கு மிஞ்சிப் பிடித்தது உண்மைதான் சாமி. குஞ்சு குறுமானைக்கூட விடவில்லை. ஆனால் அதன் பிறகு நாங்கள் என்ன செய்வது என்று யார் சொன்னார்கள்? வலையில் தானாக ஏறினாலும் குற்றம். அக்கரையில் இலங்கைக்காரர் அனுமதிச் சீட்டு வாங்கிப் பிடிக்கிறார்கள். ஒரே தண்ணீர்.” அவருடைய தம்பி இதற்காகச் சிறை சென்றவர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைக் காட்டிலும் களைப்பே மிகுந்திருந்தது.

பெரியவர் நீருக்குள் இருந்த அட்டையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “இது என்ன தின்னும், தம்பி?” என்றார்.

“மண்ணைத்தான் தின்னும், ஐயா.”

“வெறும் மண்ணையா?”

வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் சேற்றையும் மணலையும் அள்ளி விழுங்குகிறது. அவையும் உருமாறிய குழாய்க்கால்களே. மணலிற் கலந்துள்ள அழுகிய புல், நுண்பாசி, நுண்ணுயிர் ஆகியவற்றைச் செரித்துக்கொண்டு, தூய மணலைக் கயிறு போலப் பின்னே விட்டுச்செல்கிறது. ஆண்டொன்றுக்கு ஓர் அட்டையின் உடல்வழியே பல கிலோ மணல் இவ்வாறு புரண்டுவருகிறது. மூச்சும் பின்புற வழியாகவே. அருகில் நீர்க்கயிறு போல் கிடந்த மணற்சுருளைக் குளியாளி காட்டினார்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. “மண்புழு!” என்றார். “இது கடலின் மண்புழு. எங்கள் வயலில் புழு இருந்தால்தான் சாமை வரும். உரத்தைக் கொட்டிய வயலில் புழு செத்துப்போய், மண் கல்லானதைக் கண்ணால் பார்த்தேன். இதை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால் இந்தப் புல் நிற்குமா, தம்பி? புல் நிற்காவிட்டால் மீன் எங்கே வந்து மேயும்?”

குளியாளி உடனே விடையிறுக்கவில்லை. இச்செய்தியை அவரிடம் அதிகாரிகளும் சொல்லியிருப்பர். ஆனால் மண்ணில் உழைக்கும் ஒருவர் சொன்னதில்லை போலும். பின்னர், “ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் உங்கள் வயலில் புழுவைப் பிடிக்காதே என்றவர்கள், வயலையே உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லையே” என்றார். இப்போது பெரியவர் மௌனமானார். மலையில் காட்டைக் காட்டி நிலத்தை மறுத்த கதைகள் அவரிடமும் உண்டு. இருவரும் முழங்கால் நீரில் நின்றுகொண்டு, நம்மை மறந்து, நெடுநேரம் அதைப் பேசினர்.

நமக்கும் ஒரு கருத்து உண்டு, மறைக்க விரும்பவில்லை. கடலடித் தரையை உழும் உயிரைக் காப்பது தேவையே. ஆயினும் காவல் என்பது மனிதரின் அடுப்பை அணைப்பதோடு நின்றுவிடலாகாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிக் கிளையில் 1988-ஆம் ஆண்டிலேயே வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வளர்த்துக் காட்டினர். அவ்வறிவு நம் நாட்டிலேயே பிறந்தது. அதைக் கரையோர மக்களின் கைகளில் கொடுத்து, வளர்த்ததில் ஒரு பங்கைக் கடலுக்கும் ஒரு பங்கைக் குடும்பத்திற்கும் ஆக்கும் வழியைத் தேடுவது ஆள்வோரால் இயலாத காரியமன்று. பிடித்தவனைச் சிறையிலிட மட்டும் சட்டம் விரைவது நம் மனத்திற்கு ஒப்பவில்லை.

வெயில் ஏறியது. நட்சத்திரத்தை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கரையேறினோம். மாணவர்கள் மணலில் சங்கும் சோழியும் பொறுக்கிக்கொண்டிருந்தனர். அப்போது ஒரு சிறுமி ஓடிவந்து உள்ளங்கையை விரித்தாள். வெண்மையான, தட்டையான, அப்பளம் போன்ற ஓர் ஓடு. அதன் மேற்புறத்தில் ஐந்து இதழ்களையுடைய பூ.

பெரியவர் துண்டை அவிழ்த்தார். கல்லையும் ஓட்டையும் அருகருகே வைத்தார். ஒன்று கனத்தது, பழுப்பேறியது. மற்றது காற்றில் பறந்துவிடுமளவு மெல்லியது. பூ மட்டும் ஒன்றே. இதழோரத்து நுண்புள்ளிகளைக் குளியாளியின் கத்திநுனி கொண்டு காட்டினோம். அவை துளைகள். உயிரோடிருந்தபோது அத்துளைகளின் வழியே வெளிவந்த குழாய்க்கால்கள் நடப்பதற்கல்ல, மூச்சு விடுவதற்கு. நடப்பதும் தின்பதும் அடிப்புறத்தில்: மயிர்போன்ற குறுமுட்கள் மணலைத் தள்ள, அடியிலுள்ள குழாய்க்கால்கள் இரையைப் பொறுக்கி வாய்க்கு அனுப்பும்.

“அப்படியானால் பூ மேலே, வாய் கீழே?”

“ஆமாம், ஐயா. மண்ணுக்குள் குப்புறக் கிடக்கும்” என்றார் குளியாளி.

பெரியவர் கல்லைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்தார். நடுவிலிருந்த சிறு குழியில் விரல்நுனியை வைத்தார். கல்லைக் கண்ட நாள் முதல் அவர் அப்பக்கத்தைக் கவனித்ததே இல்லை என்பது தெரிந்தது. “ஏழு கோடி வருஷமாக வாயில் மண் அடைத்துக் கிடக்கிறது, பாவம்” என்றார். கண்கள் கலங்கியிருந்தனவா, கடற்காற்றின் உப்பா என்று நாம் உற்றுப் பார்க்கவில்லை. நாம் அஞ்சியிருந்த வினாவை அவரே கேட்டார்: “சாமி, இதற்கு விளக்கு வைத்தது பாவமா?” பாவமன்று என்றோம். மாதாவுக்கு விளக்கு வையுங்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைச் செம்மேட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்றும் சொன்னோம். தலையசைத்தார். பின்னர், குளியாளியிடம் ஒரு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்கி, கரையிலிருந்து இரண்டு கைப்பிடி மணலை அள்ளி அதில் முடிந்துகொண்டார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து மறுபடியும் பைல் நாட்டிற்குச் சென்றோம். பலாக்காய்கள் மரத்தடியில் முட்டிக்கொண்டிருந்தன. பெரியவரின் வீட்டில் மாடம் துடைக்கப்பட்டிருந்தது, தேவதாயின் முன் விளக்கு எரிந்தது, கல்லைக் காணோம். நாம் தேடுவதைக் கண்ட அவருடைய பேத்தி நம் கையைப் பற்றித் திண்ணைக்கு அழைத்துச்சென்றாள். அங்கே ஒரு பழைய அலுமினியத் தட்டில் பாம்பன் மணல் பரப்பியிருந்தது. அதன் மீது கல், பூ மேல்நோக்க, பாதியளவு புதைந்திருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வர் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். பெரியவர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

“சும்மா தூக்கிப் பார்க்காதே” என்று ஒரு சிறுவனை அதட்டினார். “வாய் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்படித் தின்னும்?”